தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே டயரா?



விதை நேர்த்தி, கடலைக்கு ஜிப்சம் என்று பேசுகிற ஆள் இன்றைக்கு டயரைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்க வேண்டாம். கீரனூர், குளத்தூர் பக்கத்துக் கிராமங்களில் மாடு பூட்டி மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவதை இப்போது காண்பது அரிது. 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்தது. நம்ம ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்தார்கள். பிறகு அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளும் வந்து சேர்ந்தன. ஊருக்கு நாலு வண்டியாவது நிற்கிறது. அந்த வண்டியில் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டிய, விலை கூடிய சாமான் எது என்றால் டயர்தான். வெள்ளாமையில் வந்த காசு அதில் போகிறது. தப்பான டயர் போட்டால் காசோடு நிற்பதில்லை, உயிருக்கும் ஆபத்து வருகிறது. அதனால்தான் பேசுகிறேன்.

என்னிடம் இளைஞர்கள் பலர் கேட்கிற கேள்வி இது: "சார், நம்ம காட்டுப் பாதைக்குப் பெரிய பட்டன் வைச்ச ஆல் டெரைன் டயர் போட்டுடலாமா?" போடலாமா வேண்டாமா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. வண்டி எங்கே ஓடுகிறது, எவ்வளவு சுமக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் டயர் வகையைப் பார்ப்போம். தார் ரோட்டு டயர் ஒன்று. இதில் பட்டன்கள் நெருக்கமாக, நீளவாக்கில் வரப்புப் போட்ட மாதிரி இருக்கும். சத்தம் குறைவு, டீசல் செலவு குறைவு, மழையில் பிரேக் பிடித்தால் நிற்கும். சேற்றுக்கென்றே செய்த டயர் இன்னொன்று. பட்டன் பெரிசு, இடைவெளி அகலம். சக்கரம் சுழலும்போது இடையில் ஒட்டிய சேறு தானே தெறித்து விழ வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ஆல் டெரைன் டயர். டயரின் விலாப் பக்கத்தில் சில கம்பெனிகள் ஏ.டி. என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் போட்டிருக்கும். சரளை, மண் பாதை, தார் ரோடு என எல்லாவற்றிலும் ஓரளவு ஓடும். எல்லாவற்றிலும் ஓரளவுதான்.

இது ஒன்றும் நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. டிராக்டரின் பின் சக்கரத்தைப் பாருங்கள். உயர உயரமான பட்டன். சேற்று வயலில் அது மண்ணைக் கடித்து இழுக்கும். அதே டிராக்டரில் டிரெய்லர் மாட்டித் தினமும் தார் ரோட்டில் செங்கல் அடிக்கிறவரின் டயரையும் பாருங்கள். பட்டன் சீக்கிரமே மொட்டையாகியிருக்கும். கெட்டித் தரையில் டயர் முழுவதும் தரையில் படிவதில்லை. அந்தப் பட்டன்களின் தலை மட்டும்தான் படிகிறது. பாரம் முழுவதையும் அது சுமப்பதால் தேய்மானம் அதிகம். ஆனால் டிராக்டர் மெதுவாகப் போகிற வண்டி. பிக்கப் வண்டியை நம்ம பையன்கள் திருச்சி ரோட்டில் எழுபது, எண்பதில் விரட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வேகத்தில் பிரேக் அடிக்கும்போது, தரையில் எவ்வளவு ரப்பர் படிகிறது என்பதுதான் கணக்கு. அகல இடைவெளி விட்ட டயர் ஈரத் தார் ரோட்டில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கும்.

இப்போது உங்கள் வண்டியின் ஒரு நாள் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். தோட்டத்திலிருந்து மண் பாதையில் நாலு கிலோமீட்டர் வந்து ரோட்டைப் பிடிக்கிறீர்கள். அங்கிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். ஆக 34 கிலோமீட்டரில் மண் பாதை நாலுதான், எட்டில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. அந்தச் சின்னப் பங்குக்காக மீதி ஏழு பங்கிலும் டீசலைக் கூட்டி, இரைச்சலைக் கேட்டு, டயரைத் தேய்க்க வேண்டுமா? புதுக்கோட்டை உழவர் சந்தைக்குப் போகிறவருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். நம்ம பகுதி செம்மண்ணும் சரளையும் கலந்தது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பாதை கெட்டியாகவே கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில்தான் சேறு. அப்போதும் மேலே வழவழவென்று இருக்குமே தவிர, அடியில் கெட்டிதான். இவர்களுக்கு வண்டியோடு வந்த மாதிரியான லோடு டயரே போதும். பின் சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் ஆழமான பட்டன் வைத்த லோடு டயர் கேட்டு வாங்கலாம். இரண்டு பின் சக்கரத்திலும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்.

யாருக்கு ஆல் டெரைன் டயர் பலன் தரும் என்றால், நாள் முழுக்கக் கல்லிலும் கட்டையிலும் ஓடுகிறவருக்கு. நம்ம பக்கம் கல் குவாரிகள் இருக்கின்றன. உடைத்த கருங்கல் சல்லியின் விளிம்பு கத்தி மாதிரி. சாதா டயரின் விலாவை அது கீறிவிடும். தைலமரக் காட்டுக்குள் கூப்புக்குப் போகிற வண்டிக்கும் அதே தொல்லை. வெட்டிய தைலமரத்தின் அடிக்கட்டை சாய்வாக, கூராக நிற்கும். புல் மறைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நல்ல ஆல் டெரைன் டயர்களில் விலாவுக்குக் கூடுதல் துணியடுக்குக் கொடுத்து, ரப்பரையும் அறுபடாத பதத்தில் செய்திருப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் அந்த டயரின் கூடுதல் விலை வீண் போகாது. மகிந்திரா தார் மாதிரி நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அந்த வண்டியில் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று போட்டு நாலு சக்கர இழுப்பில் ஓட்டினால் கியர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பல்சக்கரங்கள் கெட்டுப்போகும். அந்தச் செலவைத் தாங்க முடியாது.

சீமைக்கருவேல முள்ளுக்கு இந்த டயர் தாங்குமா என்றும் கேட்கிறார்கள். பட்டன் மேலேயே முள் ஏறினால் தாங்கும், ரப்பர் கனம் அங்கே கூட. பட்டனுக்கு இடையே ஏறினால் அங்கே ரப்பர் மெலிசுதான். விலாவில் ஏறினால் எந்த டயரும் தாங்காது. கண்மாய்க் கரையில் போகிற பாதை இருபக்கமும் கருவேல மரம் மண்டிக் கிடந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் கூடி ஒதுக்கி வெட்டி, வெட்டின கிளையைப் பாதையிலேயே போடாமல் அப்புறப்படுத்துவது டயர் மாற்றுவதைவிடச் சுலபம். டியூப் இல்லாத டயராக இருந்தால் ஒரு நன்மை உண்டு. குத்திய முள் அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். சந்தைக்குப் போய்ச் சேர்ந்து பஞ்சர் பார்க்கலாம். முள்ளை வழியிலேயே பிடுங்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

டயரின் விலாவில் 215/75 ஆர் 15 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது விலாவின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது உள்ளே இருக்கிற இரும்பு டிஸ்க்கின் குறுக்களவு, அங்குலத்தில். இது வரைக்கும் எல்லாரும் பார்க்கிறார்கள். இதற்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். 100 எஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அந்த எண் சுமைக் குறியீடு. ஒரு டயர், சொன்ன அளவு காற்று இருந்தால், எவ்வளவு எடை தாங்கும் என்பதை அது சொல்கிறது. 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900. 106 என்றால் 950. 108 என்றால் 1,000. 112 என்றால் 1,120 கிலோ. லோடு வண்டி டயரில் 104/101 என்று இரண்டு எண் இருந்தால், முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது எண் பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட வண்டிக்கு. எண்ணுக்குப் பிறகு வருகிற எழுத்து வேகத்துக்கு. எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வரை. நமக்கு அந்த எழுத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம், எண்ணைப் பற்றித்தான் கவலை.

ஏன் கவலை என்றால், 215/75 ஆர் 15 என்ற அதே அளவில் பயணிகள் வண்டிக்கான டயரும் இருக்கிறது, லோடு வண்டிக்கான டயரும் இருக்கிறது. இரண்டும் ஒரே டிஸ்க்கில் அழகாக உட்காரும். பயணிகள் ஜீப்புக்கானதில் 100 என்றுதான் இருக்கும். லோடு வண்டிக்கானதில் எல்.டி. என்ற எழுத்தும், 8 பி.ஆர். என்பது போல ஒரு வலுக் குறியீடும், கூடுதலான சுமை எண்ணும் இருக்கும். (8 பி.ஆர். என்றால் உள்ளே எட்டு அடுக்குத் துணி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பழைய காலத்து எட்டு அடுக்குப் பருத்தித் துணிக்குச் சமமான வலு என்று அர்த்தம்.) கடையில் தொங்குகிற முரட்டு ஆல் டெரைன் டயர்களில் கணிசமானவை ஜீப், கார் வகையறாவுக்குச் செய்தவை. பார்வைக்கு லாரி டயர் மாதிரி இருக்கும். சுமப்பதோ காரின் சுமை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆர்.சி.யில் லாடன் வெயிட் என்று, பாரத்தோடு வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை போட்டிருக்கும். பாரம் ஏற்றினால் அதில் பெரும் பங்கு பின் அச்சில் விழும். பின் அச்சில் மட்டும் 1,900 கிலோ விழுகிறது என்றால், ஒரு டயருக்கு 950 கிலோ. சுமை எண் 106-க்குக் குறையக் கூடாது. அதில் 100 போட்ட டயரை மாட்டினால் ஒவ்வொரு டயரும் 150 கிலோ அதிகமாகச் சுமக்கிறது. இது சட்டப்படியான பாரத்துக்கே. கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் மூட்டை பத்து கூடப் போட்டால் இன்னும் 400 கிலோ. நம்ம ஆட்கள் பத்தோடு நிறுத்துகிறவர்களா?

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் பின்னால் இரண்டு ஆல் டெரைன் டயர் போட்டார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் பூசணி ஏற்றிக்கொண்டு இரண்டு நடை போய் வந்த பிறகு விலாவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். பஞ்சர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கார் டயருண்ணே" என்றார். உள்ளே இருக்கிற நூல் அறுந்துவிட்டால்தான் அப்படி வீங்கும். அதற்கு மருந்து கிடையாது. அந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் நிற்கும்போது பார்த்துக்கொண்டார், தப்பித்தார். கடலை பறிக்கப் போகிற பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடும்போது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லோடு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஏற்றுகிறோம் என்பது நாட்டு நடப்பு. அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். ஜல்லிக்கட்டுக் காளை கொண்டுபோகிறவர்களும் கவனியுங்கள். காளை மூட்டை மாதிரி ஓரிடத்தில் கிடப்பதில்லை. திருப்பத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து டயர்தான் அத்தனையும் தாங்கணும்.

அடுத்தது காற்று. பாரத்தைச் சுமப்பது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கிற காற்று. ஒரு டயரில் 900 கிலோ விழுகிறது, காற்று 60 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த டயர் தரையைத் தொடுகிற இடம் சுமார் 210 சதுர சென்டிமீட்டர்தான். விரித்த கை ஒன்றரைக்கு மேல் இராது. அந்த ஒன்றரைக் கை அளவில்தான் 900 கிலோ நிற்கிறது, திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறது. காற்றுக் குறைந்தால் டயர் சப்பையாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் விலா மடங்கி மடங்கி நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்தால் சூடாகி ஒடியும் இல்லையா, அதே கதைதான். காற்றுக் குறைவும் அதிக பாரமும் வெயிலும் சேர்ந்தால் டயர் வெடிக்கும். எவ்வளவு காற்று என்பது கதவோரத்திலோ வண்டியோடு தந்த புத்தகத்திலோ இருக்கும். வெறும் வண்டிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். காலையில் புறப்படுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் காற்று ஏறிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்து விடாதீர்கள். ரேடியல் டயர் அடியில் லேசாகப் புடைத்துத்தான் நிற்கும். அது அதன் சுபாவம். கண்ணால் பார்த்துக் காற்று அடிக்கிற பழைய நைலான் டயர் வழக்கம் இதற்கு உதவாது.

காற்றைக் குறைக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று உண்டு, மணல். வெள்ளாற்று மணலிலோ, மணமேல்குடி பக்கத்துக் கடலோர மணலிலோ வண்டி புதைந்தால் பெரிய பட்டன் உதவி செய்யாது, தோண்டிக்கொண்டு இன்னும் கீழேதான் போகும். காற்றைக் கணிசமாகக் குறைத்தால் டயர் அகலமாகப் படியும். ஒட்டகத்தின் பாதம் மாதிரி மணல் மேல் மிதந்து வரும். பாரத்தை இறக்கிவிட்டு இதைச் செய்யுங்கள். கெட்டித் தரைக்கு வந்ததும், வேகம் எடுக்குமுன், மறுபடி காற்று அடித்துவிட வேண்டும். அதற்கு வண்டியில் ஒரு கைப்பம்பு கிடக்கணும்.

கண்மாயில் வண்டல் எடுக்கப் போய்ச் சிக்குகிறவர்கள் டயரைத் திட்டுகிறார்கள். பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரம்தான் இழுக்கும். வெறும் வண்டியாக இறங்கும்போது பின்னால் எடையே இல்லை. எடை இல்லாத சக்கரம் எந்தப் பட்டன் வைத்தாலும் சும்மாதான் சுழலும். டிராக்டர் டயருக்குள் தண்ணீர் நிரப்புகிறோமே, எதற்கு? அதே காரணம்தான். நாலு மூட்டை மண்ணைப் பின் அச்சுக்கு மேலே போட்டுக்கொண்டு இறங்கிப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் ஆக்சிலேட்டரை மிதித்துப் பயன் இல்லை. சக்கரத்துக்கு முன்னே கருவேல மிலாறு போடாதீர்கள், பனை மட்டையோ சாக்கோ போட்டு மெதுவாக நகர்த்துங்கள்.

பெரிய அளவு டயர் போட்டு வண்டியை உயர்த்துகிற ஆசையும் சிலருக்கு இருக்கிறது. 215/75 ஆர் 15 டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 போட்டால் 733. தரையிலிருந்து வண்டி உயர்வது பாதிதான், ஒன்றரை சென்டிமீட்டர். அதற்கு நீங்கள் கொடுக்கிற விலை என்ன? மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். மேட்டில் இழுவை நூற்றுக்கு நாலு பங்கு குறையும். ஸ்டியரிங் முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசலாம். எப்.சி.க்குப் போகும்போதும் கேள்வி வரும். வண்டிக்காரன் போட்டுக் கொடுத்த அளவை மாற்றாமல் இருப்பது நல்லது.

கடைக்குப் போகிறபோது பார்க்க வேண்டியவை இன்னும் சில. விலாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். டாட் என்ற ஆங்கில எழுத்து வரிசையின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. உரத்துக்கும் விதைக்கும் தேதி பார்க்கிற நாம் டயருக்குத் தேதி பார்ப்பதில்லை. ரப்பருக்கும் வயசு உண்டு. ஐந்து வருஷம் ஆன டயரை, பட்டன் நன்றாக இருந்தாலும், வருஷம் ஒரு தடவை நல்ல ஆளிடம் காட்டுங்கள். பத்து வருஷம் ஆனதை ஓட்டவே வேண்டாம். பட்டன் இடுக்கில் சின்ன மேடு ஒன்று இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் கனம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ரீட்ரெடிங் செய்த டயர் வாங்குகிறவர்கள் அதைப் பின்னால் போடுங்கள், முன்னால் வேண்டாம். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. ரேடியலும் நைலானும் ஒரே அச்சில் சேர்க்கக் கூடாது.

பழைய டயர்க் கடையில் மெருகு போட்டுப் பளபளவென்று வைத்திருப்பார்கள். மேலே பார்க்காதீர்கள், உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒட்டுப் போட்ட இடமும் மடிப்புத் தழும்பும் உள்ளேதான் தெரியும். பில் கேட்டு வாங்குங்கள், அதில் டயர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். அப்படியே ஸ்டெப்னியையும் ஒரு தடவை இறக்கிக் காற்றுப் பாருங்கள். வண்டி வாங்கின நாளிலிருந்து தொடாமல் கிடக்கிற ஸ்டெப்னிதான் நம்ம ஊரில் அதிகம்.